சரிபார்த்தவன் கணக்கில் என்ன வரவு?

அல்சூரில் எங்கள் வீட்டைத் தேடி வருகிற உறவினர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். ஏரி எந்தப் பக்கம்? வள்ளுவர் சிலை எந்தப் பக்கம்? போன மாதம் விருதுநகரிலிருந்து வந்த அக்கா, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே மூன்றாவதாக ஒன்று கேட்டார்.

"தம்பி, உன் மருமகன் ஆபீஸ்ல என்னதான்டா வேலை பாக்கான்?"

மருமகன் என்றால் அக்கா மகன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். வெளிவட்டச் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. அக்காவின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. இந்த வருட மதிப்பீட்டில் அவனுக்கு 'சுமார்' என்று போட்டுவிட்டார்கள். "இந்த வருடம் நீயாக எழுதியது எவ்வளவு?" என்று மேலாளர் கேட்டாராம். இவன் எழுதியது குறைவு. அடுத்தவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்து, ஓட்டை இருந்தால் எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். அதற்கு மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டமே இல்லை.

"ஊர்ல கேட்டா என்னன்னு சொல்ல? அடுத்தவன் எழுதினதைத் திருத்துதான்னு சொன்னா, வாத்தியார் வேலையான்னு கேக்காக" என்றார் அக்கா.

மருமகன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனான். ராத்திரி மொட்டை மாடியில் என்னிடம் மட்டும் சொன்னான். "மாமா, அடுத்த வருஷம் புதுசா எழுதுற டீமுக்கு மாத்திக் கேட்கப் போறேன். இந்த வேலையைப் பார்த்து என்ன பிரயோஜனம்?"

அந்த 'என்ன பிரயோஜனம்' என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது வங்கித் திரை மட்டும்தான். விஷயம் தெரிந்தவர்கள் என் விளக்கத்தில் குறை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வேலையைப் பற்றிக் கருத்து சொல்ல எனக்கும் கொஞ்சம் தகுதி உண்டு. வங்கியில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். மேக்கர், செக்கர் என்போம். இருபது வருடமாக என் பிழைப்பில் பெரும்பகுதி அந்தச் செக்கர் வேலைதான்.

முதலில் அவன் எதைச் சரிபார்க்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது.

லினக்ஸ் என்ற இயங்குதளம். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது அதன் கெர்னல்தான். ஒரு புரோகிராம் நினைவகம் வேண்டும் என்று கேட்டால், கெர்னல் "சரி, எடுத்துக்கொள்" என்று சொல்லிவிடும். உடனே கொடுக்காது. ஓவர்டிராஃப்ட் மாதிரி. 10 லட்சம் லிமிட் அனுமதித்தோம் என்பதற்காக 10 லட்சத்தை எண்ணி மேசைமேல் வைக்கிறோமா? காசோலை வரும்போதுதானே பணம் போகிறது. அதுபோல, புரோகிராம் ஓர் இடத்தை முதல்முறை தொடும்போது அங்கே ஒன்றும் இருக்காது. பிராசஸர் நின்று கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் ஒரு பக்கம் நினைவகத்தை, சாதாரணமாக 4 கிலோபைட், எடுத்துக் கொடுத்த பிறகு வேலை தொடரும். இந்தக் கூப்பிடலுக்குப் பெயர்தான் 'பேஜ் ஃபால்ட்'. பெயரில் ஃபால்ட் இருந்தாலும் பெரும்பாலும் இது தப்பு இல்லை, தினசரி நடைமுறை. நீங்கள் போனில் ஓர் ஆப்பைத் திறக்கும்போதே ஆயிரக்கணக்கில் நடந்து முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் யாராவது நாற்பது வரி மாற்றினால், அந்த நாற்பது வரி உலகத்தில் உள்ள எல்லா லினக்ஸ் இயந்திரத்திலும் ஓடும். தப்பு இருந்தால் உடனே தெரியவும் தெரியாது. இரண்டு வேலைகள் ஒரே நொடித்துளியில் மோதினால்தான் வெளியே வரும். பத்து வருடம் வராமலும் இருக்கலாம்.

நான் கதை விடவில்லை. இப்படி ஒன்று நடந்தே இருக்கிறது. 'டர்ட்டி கவ்' என்று பெயர். 2016 அக்டோபரில் வெளியே தெரிந்தது. மருமகன் இதைச் சொன்ன அன்று நான் காபியை ஆறவிட்டுவிட்டேன். அவ்வளவும் எங்கள் கிளையில் நடக்கிற மாதிரியே இருந்தது.

ஒரு மூலப் பத்திரம் இருக்கிறது என்று வையுங்கள். பத்து பேர் படிக்க வேண்டும். பத்து நகல் எடுப்பது வீண் செலவு, எல்லோரும் மூலத்தையே பார்த்துப் படிக்கட்டும். யாராவது அதில் எழுத வேண்டும் என்றால் மட்டும் அவருக்கு ஒரு நகல் எடுத்துக் கொடு, அதில் கிறுக்கிக்கொள்ளட்டும், மூலம் பத்திரமாக இருக்கும். லினக்ஸ் நினைவகத்தைப் பகிர்வதும் இப்படித்தான். எழுத முயன்றால் பேஜ் ஃபால்ட் வரும், கெர்னல் நகல் எடுத்துக் கொடுக்கும். 'காப்பி ஆன் ரைட்' என்பார்கள். அதன் சுருக்கம்தான் அந்தக் 'கவ்'. மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை :-)

ஓட்டை எங்கே என்றால், குமாஸ்தா நகல் எடுத்துவிட்டார். "நகல்தான் எடுத்தாச்சே, இனிமேல் 'எழுத வேண்டும்' என்று விண்ணப்பத்தில் இருக்கத் தேவையில்லை" என்று அந்த வார்த்தையை அடித்துவிட்டார். பேனாவை எடுப்பதற்குள் இன்னொரு கை அந்த நகலைக் குப்பையில் போட்டுவிடுகிறது. குமாஸ்தா திரும்பி வந்து மறுபடி தாளைக் கேட்கிறார். இப்போது விண்ணப்பத்தில் 'எழுத' என்ற வார்த்தை இல்லை, ஆகவே படிக்கத்தானே என்று மூலப் பத்திரத்தையே நீட்டுகிறார்கள். அவர் மூலத்தில் எழுதிவிடுகிறார்! சாதாரணப் பயனர் ஒருவர், நிர்வாகி மட்டுமே மாற்றக்கூடிய கோப்பை மாற்றிவிடலாம். இயந்திரம் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். ஃபில் ஓஸ்டர் என்பவர், தம் சர்வருக்கு வந்துபோன தகவல்களைப் பதிவு செய்து வைத்திருந்ததால், யாரோ இந்த ஓட்டையைப் பயன்படுத்துவதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆண்ட்ராய்டு போன்களும் தப்பவில்லை.

இனிமேல்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம். இந்த ஓட்டை 2016-ல் புதிதாகத் தெரிந்தது அல்ல. லினஸ் டார்வால்ட்ஸே 2005-ல் இதைப் பார்த்து ஒரு திருத்தம் போட்டிருக்கிறார். அந்தத் திருத்தம் ஐபிஎம்மின் எஸ்390 பெரிய இயந்திரங்களில் தொல்லை கொடுத்தது. தாளில் எழுதப்பட்டிருக்கிறதா என்று காட்டும் அடையாளம் அந்த இயந்திரங்களில் வேறு மாதிரி இருந்தது. அதனால் திருத்தத்தை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த மோதல் ஏட்டளவில்தான் சாத்தியம் என்று தோன்றியது. பிறகு நினைவக நிரல் வளர வளர, மோத வைப்பது சுலபமாகிவிட்டது. எஸ்390 சிக்கல் 2013-ல் வந்த 3.9 பதிப்பிலேயே தீர்ந்துபோனது. அதாவது, திருத்தத்தைத் தடுத்த காரணம் 2013-லேயே போய்விட்டது. அந்தப் பழைய கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை. 2016-ல் திருடன் வந்து திறந்து காட்டினான்.

வங்கிக்காரர்கள் இதைப் படித்தால் உடனே 'சஸ்பென்ஸ் கணக்கு' என்பார்கள். எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தற்காலிகம்தான். பிறகு போட்டவருக்கு மாற்றல் வரும், அடுத்து வந்தவருக்கு அது என்ன என்று தெரியாது. சஸ்பென்ஸில் வருடக்கணக்காகக் கிடக்கும் தொகையைக் கண்டாலே ஆடிட்டர் முகம் மாறுவது அதனால்தான். மோசடி ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் இல்லை.

கதை இன்னும் முடியவில்லை. 2016 திருத்தத்தை நினைவகப் பகுதியில் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருடம், 2017 நவம்பரில், அதிலும் ஒரு விடுபடல் வெளியே வந்தது. 4 கிலோபைட் தாளுக்குச் சரியாக இருந்த விதி, 2 மெகாபைட் பெரிய தாளுக்குச் சரியாக இல்லை. சரிபார்த்தவர்கள் சோம்பேறிகளா? இல்லை. அந்த இடம் அவ்வளவு கடினம். ஆனாலும் நாம் மதிப்பெண் போடுவது எழுதிய வரிகளுக்கு மட்டும்தான்.

சரி, அடுத்தவர் எழுதியதைத் தடுத்து நிறுத்துவது வேலையா? அதற்கும் ஓர் உதாரணம். பல இழைகளாக ஓடும் ஒரு புரோகிராமில் எல்லா பேஜ் ஃபால்ட்டும் ஒரே பூட்டுக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஒரே சாவியுள்ள பெட்டக அறை முன் வரிசை நிற்கிற மாதிரி. பூட்டே இல்லாமல் செய்ய பீட்டர் ஜில்ஸ்ட்ரா 2010-ல் ஒரு முயற்சி செய்தார். 2017 முதல் ஐபிஎம்மைச் சேர்ந்த லோரான் டுஃபோர் அதைத் தொடர்ந்தார். 2021-ல் மிஷேல் லெஸ்பினாஸ் இன்னொரு வடிவம் கொண்டுவந்தார். வேகம் கிடைத்தது. ஆனால் சிக்கல் அதிகம், பராமரிப்பது கடினம் என்ற கவலையில் எதுவும் உள்ளே சேரவில்லை. கடைசியில் கூகுளின் சுரேன் பாக்தாசாரியன் வேறு வழியில், நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பூட்டு என்று செய்து, 2023 ஜூனில் 6.4 பதிப்பில் சேர்ந்தது. பதின்மூன்று வருடம்! அதற்கும் பிறகு சில நாளிலேயே நினைவகம் கெட்டுப்போகிறது என்று புகார் வந்தது. புரோகிராம் தன்னைத்தானே பிரதி எடுக்கும் நேரத்தில் ஒரு பூட்டைப் போட விட்டிருந்தது. திருத்தம் வரும்வரை அந்த வசதியையே அணைத்து வைத்தார்கள், பிறகு சரிசெய்தார்கள்.

பதின்மூன்று வருடம் 'இப்படியே சேர்க்க முடியாது' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு எந்த மதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்?

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கிற விஷயம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இந்த ஊருக்கும் பங்கு இருக்கிறது. எந்தக் குழு எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்று வரம்பு போடும் வசதியை லினக்ஸுக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் பல்பீர் சிங். அப்போது அவர் பெங்களூரில் ஐபிஎம்மின் லினக்ஸ் பிரிவில் இருந்தார். 2008 ஏப்ரலில் வந்த 2.6.25 பதிப்பில் அது சேர்ந்தது. பேஜ் ஃபால்ட் வந்து ஒரு பக்கம் கொடுக்கும்போதே, அந்தக் குழுவின் கணக்கில் பற்று எழுதிவிடும். அந்தச் செயலுக்கே அவர்கள் வைத்த பெயர் 'சார்ஜ்'. எங்கள் பாஷை! ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதலாக ஒரு கணக்குச் சீட்டு வைத்தால் எவ்வளவு நினைவகம் வீணாகும் என்பது அதோடு கூடவே வந்த விவாதம். அந்தச் சீட்டை ஒழித்தது 2015 பிப்ரவரியில் வந்த 3.19 பதிப்பில், ஜோஹன்னஸ் வைனர் செய்த மாற்றத்தால். ஒருவர் எழுத, பலர் கேள்வி கேட்க, வேறொருவர் வருடங்கள் கழித்து மெருகேற்ற, இன்று டாக்கர் என்கிறோமே, அதில் நினைவக வரம்பு போடுவதற்கு அதுதான் அடிப்படை.

லினக்ஸில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. மாற்றத்தின் அடியில் எழுதியவர் பெயர் மட்டுமல்ல, பல நேரங்களில் 'ரிவ்யூட் பை' என்று சரிபார்த்தவர் பெயரும் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இதைப் படித்தேன், என் சந்தேகங்களை எழுதியவரிடம் சொன்னேன், அவர் பதிலில் எனக்குத் திருப்தி, எனக்குத் தெரிந்த குறை இதில் இல்லை. ஆனால் உத்தரவாதம் தரவில்லை. எவ்வளவு நேர்மையான கையெழுத்து பாருங்கள்! எங்கள் வங்கி வவுச்சரில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரைக்கு அடியில் இப்படி நாலு வரி இருந்தால் நான் பல இடங்களில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இங்கே என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும்.

பல வருடங்களுக்கு முன், வேறு ஓர் ஊர்க் கிளையில் இருந்தேன். மாதக் கடைசி. கவுண்டரில் இருந்த அம்மா ஒரு பணப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணின் இரண்டு இலக்கங்களை மாற்றி அடித்துவிட்டார். என் திரைக்கு வந்தது. வவுச்சர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்து ஒப்பிடவில்லை. முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள், அவர் தப்பு செய்யாதவர் என்ற நம்பிக்கை வேறு. அனுமதி கொடுத்துவிட்டேன். பணம் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் விழுந்தது. அவர் மறுநாளே எடுத்துவிட்டார். பணம் இழந்தவர் ஓய்வூதியக்காரர். அவருக்கு வங்கி திருப்பிக் கொடுத்தது. பிறகு விசாரணை. அந்த அம்மாவுக்கு மெமோ. எனக்கு வாய்மொழியாக ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான்.

என் விளக்கக் கடிதத்தில் 'பணி நெருக்கடிக்கிடையே வழக்கம்போல் சரிபார்த்து அனுமதித்தேன்' என்று எழுதினேன். அது பொய். நான் பார்க்கவே இல்லை. "நான் பார்த்திருந்தால் இது நின்றிருக்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மெமோவின் பாரம் பாதியாகியிருக்கும். எழுதத் தைரியம் வரவில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடம் இதுவரை சொன்னதும் இல்லை.

சரிபார்க்கும் வேலை ஒரு வேலையே இல்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால் இப்படித்தான் ஆகும். நேரம் கொடுக்க மாட்டார்கள். செய்தால் பாராட்டு இல்லை, செய்யாவிட்டாலும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. கையெழுத்து மட்டும் மிஞ்சும். அது சரிபார்க்காமல் விடுவதைவிட மோசம். 'இரண்டு பேர் பார்த்தாச்சு' என்ற பொய்யான நிம்மதியை அல்லவா அது கொடுக்கிறது?

அப்பா விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. சிட்டையில் எழுதியது பேரேட்டில் ஏறியதா என்று ராத்திரி ஒருவர் வாசிக்க, இன்னொருவர் புள்ளி வைத்துக்கொண்டே வருவார். அந்தப் புள்ளி வைக்கிற ஆளுக்கும் சம்பளம் உண்டு. புள்ளி வைக்கிற நேரத்தில் முதலாளியே வந்தாலும் பேசக் கூடாது. அறுபது வருடத்துக்கு முந்தைய மிளகாய் வத்தல் மண்டிக்குத் தெரிந்தது, வெளிவட்டச் சாலைக் கண்ணாடிக் கட்டடத்துக்குத் தெரியவில்லையா?

என் கருத்து மூன்று விஷயம்தான். ஒன்று, மதிப்பீட்டுப் படிவத்தில் 'நீ எழுதியது' என்பதற்குப் பக்கத்தில் 'நீ தடுத்தது' என்று ஒரு கட்டம் வேண்டும். இரண்டு, சரிபார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். மருமகன் ஒரு நாற்பது வரிக்குப் பதினொரு நாள் எடுத்தான். கடைசியில் ஓர் ஓட்டை கிடைத்தது, எழுதியவரே நன்றி சொல்லி மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். பதினொரு நாளில் இவன் கணக்கில் பூஜ்யம். ஆனால் அந்த ஓட்டை உள்ளே போயிருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் போயிருக்கும்? மூன்று, வேண்டாம் என்று ஒதுக்கியதற்குக் காரணம் எழுதி வைப்பதோடு, அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பார்க்க ஓர் ஆள் வேண்டும். 2005-க்கும் 2016-க்கும் நடுவில் இல்லாமல் போனது அந்த ஆள்தான்.

'எல்லாவற்றையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டியதில்லை. ஐநூறு ரூபாய் வவுச்சருக்கும் ஐம்பது லட்சம் வவுச்சருக்கும் நாங்களே வேறு வேறு அதிகாரிகள் வைத்திருக்கிறோம். பேஜ் ஃபால்ட் ஐம்பது லட்சம் வவுச்சர்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த மாதிரி பெயர் தெரியாத வேலைகளில்தான் இருக்கிறார்கள். போனில் பேசும்போது "என்ன புதுசா செஞ்ச?" என்றே கேட்கிறோம். ஒருமுறையாவது "இன்னைக்கு எதை நிறுத்தின?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டது போதும்.

மருமகன் டீம் மாறுவானா, தெரியாது. மாறாதே என்று நான் சொல்லவில்லை, அது அவன் பிழைப்பு. மொட்டை மாடியில் என் பழைய கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மாவுக்கு இப்பவாச்சும் சொல்லலாமே மாமா" என்றான். செக்கர் அல்லவா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டான்.

அக்கா ஊருக்குக் கிளம்பும்போது நானும் பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியெல்லாம் இந்த மூலப் பத்திரம், நகல் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"பூட்டின வீட்டை இன்னொருக்க இழுத்துப் பாக்குற வேலைன்னு சொல்லு" என்றார் கடைசியில். "நம்ம அப்பா தினம் ராத்திரி பாப்பாருல்ல."

அதேதான் அக்கா.

பி.கு.: அந்த அம்மாவின் புது நம்பர், பழைய கிளை நண்பர் ஒருவர் மூலம் கிடைத்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன்.